சுவரும் சித்திரமும்

(நகரப் பொதுப்பணி நிலையங்களிற் கலைப்பொருள் அமைத்தற்குப் பணம் வழங்கும் முறையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

1. முகவுரை

நகரத்தில் வாழ்வோர் காலையிற் குழாயைத் திறந்தால் நீர் வருகின்றது. மாலையில் விசையைத் தட்டினால் விளக்கு எரிகின்றது. வாயிலில் வைத்த குப்பை மறுநாட் காலையிற் காணாமற் போகின்றது. இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நீரேற்று நிலையம், மின்சார உபநிலையம், கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம், குப்பை சேரும் நிலையம் என்னும் இவையெல்லாம் பெரும்பாலும் ஊர்ப்புறத்தே, உயர்ந்த மதிலுக்குள்ளே, ஒருவரும் விரும்பி நாடாத இடங்களாய் இருத்தலே உலக வழக்கு. ஆயினும் இவற்றைக் கட்டுதற்குச் செலவாகும் பணம் நகரமாந்தர் அனைவருடைய கைப்பொருளே என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய நிலையமொன்றில் ஒரு சிற்பத்தையோ சுவர்ச்சித்திரத்தையோ அமைத்தல் தகுமா? தகுமாயின், அதற்குரிய பணத்தை எவரிடமிருந்து, எவ்வளவு, எம்முறையிற் பெறுதல் நேர்மையாகும்? இவ்வினாவே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள். மேலெழுந்தவாரியாய் நோக்குவார்க்கு இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால், நீர்க்கட்டணமும் மின்கட்டணமும் செல்வர் மட்டும் செலுத்துவன அல்ல. கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண் ஒருத்தியும் அவற்றைச் செலுத்துகின்றாள். செலுத்தாவிடின் அவள் வீட்டு விளக்கு அணைந்துவிடும். அவள் தந்த காசில் ஒரு பகுதியை எடுத்துச் சிற்பிக்குக் கொடுப்பதாயின், அவள் முகத்தை நோக்கிக் கூறத்தக்க காரணம் ஒன்று வேண்டுமன்றோ? அக்காரணம் உளதா இலதா என்பதே இங்கு வழக்கு.

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவருள் வழங்கும் பழமொழி. இப்பொருளை ஆராயுமிடத்து இப்பழமொழியே நமக்கு நல்லதோர் அளவுகோலாக உதவும்.

2. ஒரு பழைய முன்மாதிரி

இஃது இக்காலத்தார் புதிதாய்க் கண்ட வழக்கம் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் சரியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பிலடெல்பியா நகரத்தை 1793-ஆம் ஆண்டில் மஞ்சட் காய்ச்சல் தாக்கிற்று. அந்நகர மக்களுட் சுமார் 5,000 பேர் மாண்டனர். அந்நோய் கொசுவினாற் பரவுவது என்பதை அக்காலத்தார் அறியார். அழுக்கு நீரும் அழுகிய காற்றுமே காரணம் என்று கருதினர். காரணம் தவறாயினும், நகருக்குத் தூய நீர் வேண்டும் என்று அவர்கள் கொண்ட முடிவு நல்லதாயிற்று. நகரசபையார் நீர்க்குழு ஒன்றை நிறுவினர். லாட்ரோப் என்னும் சிற்பநூல் வல்லுநர் வகுத்த முறைப்படி ஸ்கூல்கில் ஆற்றுநீர் நீராவிப் பொறிகளால் மேலேற்றப்பட்டு, 1801-ஆம் ஆண்டு முதல் நகருக்குள் வந்தது. நகரின் நடுவேயிருந்த சதுக்கத்தில் நீரேற்றும் மாளிகை ஒன்று எழுந்தது.

அம்மாளிகைக்கு முன்னே 1809-ஆம் ஆண்டில் ஒரு நீரூற்றுச் சிலை வைக்கப்பட்டது. வில்லியம் ரஷ் என்பவர் அதனை மரத்திற் செதுக்கினார். ஆற்றின் உருவகமாகிய ஒரு மங்கை தன் தோளின்மேல் ஒரு நீர்ப்பறவையை ஏந்தி நிற்க, அப்பறவையின் அலகிலிருந்து நீர் மேல்நோக்கிப் பாய்ந்தது. கப்பல்களின் முகப்புருவங்களைச் செதுக்கித் தொழில் பழகியவர் ரஷ். நகரசபையிலும் நீர்க்குழுவிலும் உறுப்பினராயிருந்தவர். பின்னர் நீர்நிலையம் பேர்மவுண்ட் என்னும் ஆற்றங்கரைக்கு மாறியபோது, 1825-ஆம் ஆண்டளவில், தளைப்பட்ட ஆறு, விடுபட்ட ஆறு என்னும் இரண்டு உருவங்களையும் அவரே செதுக்கித் தந்தார். அணையாலும் மடையாலும் கட்டுண்ட ஆற்றை ஒரு முதியவனாகவும், சக்கரத்தைச் சுழற்றி ஊருக்கு நீரூட்டும் ஆற்றை ஒரு பெண்ணாகவும் காட்டிய அவ்வுருவங்கள் இப்போது அந்நகரக் கலைக்காட்சிச் சாலையிற் பேணப்படுகின்றன.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்தில் குழாய்நீர் என்பது மக்கள் அறியாத பொருள். பலர் அதனை நம்பவில்லை. பணம் கொடுத்து நீர் வாங்கவும் முன்வரவில்லை. சிலையின் பறவை வாயினின்று பாய்ந்த நீரைக் கண்ணாற் கண்டவர், இந்நீர் உண்மையாகவே வருகின்றது என்று தெளிந்தனர். ஆகவே அச்சிலை வெறும் அலங்காரமன்று. நீர்க்குழுவின் தொழிலுக்கு அதுவே விளம்பரமாகவும் சான்றாகவும் நின்றது. பேர்மவுண்ட் நிலையமோ தொலைநாட்டாரும் வந்து காணும் இடமாயிற்று. 1842-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸும் அதன் அழகையும் பயனையும் ஒருங்கே பாராட்டி எழுதினார். 1909-ஆம் ஆண்டில் அந்நிலையம் நீர் வழங்குதலை நிறுத்திய பின்பும், கட்டடம் இடிக்கப்படாமல் நிலைபெற்றது அவ்வழகினாலேயே எனலாம்.

3. நூற்றுக்கு ஒன்று என்னும் விதி

இனி, இக்காலத்து முறையைக் கூறுவாம். ரஷ் செய்த சிலைகள் நீர்க்குழுவினரின் விருப்பத்தாற் பிறந்தவை. விருப்பத்தை நம்பியிருக்கும் கலை, விருப்பமற்றார் பதவிக்கு வந்தவுடன் நின்றுவிடும். ஆதலால் இருபதாம் நூற்றாண்டில் பல அரசுகள் இதனை ஒரு விதியாக வகுத்தன. அரசாங்கக் கட்டடச் செலவில் நூற்றிலொரு பங்கைக் கலைக்கு ஒதுக்குதல் வேண்டும் என்று சுவீடன் தேசத்தார் 1937-ஆம் ஆண்டிற் கொள்கை வகுத்தனர். அமெரிக்க நகரங்களுள் இத்தகைய விதியை முதன்முதல் இயற்றியது, 1959-ஆம் ஆண்டில், முன்னே கூறிய பிலடெல்பியாவே என்பது குறிக்கத்தக்கது. மரச்சிலை வைத்த ஊரே சட்டத்திலும் முந்திக்கொண்டது.

அந்நாட்டின் மேலைக் கடற்கரையை அடுத்துள்ள சியாட்டில் நகரம் 1973-ஆம் ஆண்டில் இவ்விதியை மேற்கொண்டது. அந்நகரின் விதியில் ஒரு சிறப்புண்டு. நகர மண்டபம், நூல்நிலையம் முதலிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி, நகரமே நடத்தும் மின்சார இலாகாவின் வேலைகளுக்கும் நீர், கழிவுநீர் இலாகாக்களின் வேலைகளுக்கும் அது செல்லுவதாயிற்று. இவ்விலாகாக்கள் ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிட்டுக் குழாய்களும் கம்பிகளும் நிலையங்களும் அமைப்பன. ஆதலாற் கலைக்கு வரும் பணத்திற் பெரும்பங்கு இவற்றிலிருந்தே வரத் தொடங்கியது. நன்மையும் வழக்கும் ஒருங்கே பிறந்தது இதனாலேதான்.

விதி நடைபெறும் முறை வருமாறு: ஒரு வேலைக்குரிய மூலதனச் செலவு மதிப்பிடப்பட்டவுடன் அதில் நூற்றிலொரு பங்கு தனியே வைக்கப்படும். கலைஞர், அவ்வட்டாரத்து மக்கள், இலாகாவின் அதிகாரிகள் ஆகியோர் கூடிய தேர்வுக்குழு கலைஞரைத் தெரிந்தெடுக்கும். கலைஞர் தம் கருத்தை வரைந்து காட்டி ஒப்புதல் பெற்ற பின்பே உடன்படிக்கை எழுதப்படும். ஒதுக்கிய தொகை முழுவதும் கலைஞரின் கைக்கூலியாகும் என்று எண்ணுதல் கூடாது. கல்லும் உலோகமும் வாங்குதல், அடித்தளம் இடுதல், பொறியியலார் வலிமை கணித்துக் கொடுத்தல், ஏற்றி வருதல், நிறுத்துதல், இன்ஷூரன்ஸ் ஆகிய அனைத்தும் அதனுள்ளே அடங்கும். எல்லாம் போக எஞ்சுவதே அவர் ஊதியம்.

4. கணக்கு

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவாம். ஒரு நகரத்தில் மின்சார உபநிலையம் ஒன்றைக் கட்ட 1 கோடி டாலர் ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். நூற்றிலொரு பங்கு 1 லட்சம் டாலர். அந்நகரில் மின்சாரம் பெறும் குடும்பங்கள் 1 லட்சம் எனின், ஒரு குடும்பத்தின் பங்கு 1 டாலர். மூலதனச் செலவு கடன் பத்திரங்களால் ஈடு செய்யப்பட்டு 20 ஆண்டுகளில் அடைக்கப்படுமாயின், ஆண்டொன்றுக்கு முதலில் 5 சென்ட்டும் அதற்குரிய வட்டியும் ஒரு குடும்பத்தின்மேற் சாரும். இத்துணைச் சிறிய தொகையைக் கருதி எவரும் வருந்தார் என்பர் விதியை ஆதரிப்போர்.

ஆனால், சிறுதுளி பெருவெள்ளம் ஆதலும் உண்டு. அதே நகரம் ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு வேலைகள் செய்யுமாயின், கலைக்கு ஒதுங்குவது ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். குடும்பம் ஒன்றுக்கு 10 டாலர். ஒருவேளை உணவைக் குறைத்து மின்கட்டணம் செலுத்தும் வீட்டிற்கு இது பொருட்படுத்தத் தகாத தொகை அன்று. ஆகவே, தொகை சிறிது என்பதைக் கொண்டு மட்டும் ஒரு செலவை நேர்மையென்று நாட்டுதல் இயலாது. எவர் தலையில் விழுகின்றது, அவர் எதற்காகச் செலுத்தினார் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

5. வரியும் கட்டணமும்

இவ்விடத்து வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேற்றுமையை நன்கு உணர்தல் இன்றியமையாதது. வரி என்பது பொதுநன்மைக்காக ஆட்சியார் விதிப்பது. செலுத்தியவன் அதற்கு நேராக இன்ன பொருளைத் தா என்று கேட்க முடியாது. கட்டணம் என்பதோ பெற்ற பொருளுக்கு விலை. இத்தனை அலகு மின்சாரம் வாங்கினேன், அதற்கு இத்தனை பணம் தந்தேன் என்பது கட்டணம். வரி விதித்தற்குச் சட்டம் எல்லை கட்டியிருக்கின்றது. மக்களின் பிரதிநிதிகள் அதனைப் பற்றி வெளிப்படையாய் வாதிடுகின்றனர். கட்டணத்தை உயர்த்துதற்கு அத்துணைத் தடையில்லை. ஆதலாற் பணமுடை நேர்ந்த நகரசபைக்கு, வரியைக்கொண்டு செய்ய வேண்டிய செலவைக் கட்டணத்தின்மேல் ஏற்றிவிடலாம் என்னும் ஆசை பிறத்தல் இயல்பு. அங்ஙனம் ஏற்றுவது கட்டணம் என்னும் போர்வைக்குள் ஒளிந்த வரியே ஆகும். அவ்வரி செல்வனையும் வறியவனையும் அவரவர் தகுதி நோக்கி வேறுபடுத்தாமையின், வறியவனுக்கே மிகுந்த பாரமாகும்.

சியாட்டில் நகரத்தில் இது கற்பனையாக நிற்கவில்லை. தெருவிளக்குகளின் செலவை நகரின் பொது நிதியினின்று நீக்கி, மின்கட்டணம் செலுத்துவோர்மேல் 1999-ஆம் ஆண்டில் நகரசபை ஏற்றியது. கட்டணம் செலுத்துவோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். தெருவிளக்கு அனைவர்க்கும் பொதுவான பாதுகாப்பு. அதனை அமைத்தல் ஆட்சியின் பொதுக்கடமை. அச்செலவை மின்சாரம் வாங்குவோர்மேற் சுமத்துதல் வரி விதித்தலே என்று வாஷிங்டன் மாகாணத்து உயர்ந்த நீதிமன்றம் 2003-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தீயணைக்கும் குழாய்களைப் பற்றியும் இதனையொத்த தீர்ப்பை அம்மன்றம் 2008-ஆம் ஆண்டில் வழங்கியது.

இதனைப் படிப்போர் ஒன்றை வியப்புடன் நோக்குவர். தெருவிளக்கு மின்சாரத்தால் எரிவது. அதன் செலவே மின்கட்டணத்திற் சேராது எனின், சிலையின் செலவு எங்ஙனம் சேரும்? இவ்வினாவும் நீதிமன்றம் ஏறியது. மின்சார இலாகாவின் பணம் கலைக்குச் செலவாக வேண்டுமாயின், அக்கலைக்கும் அவ்விலாகாவின் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு இருத்தல் வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டில் ஜில்லா நீதிமன்றம் கூறியது. வழக்கு மேன்முறையீட்டு மன்றத்துக்கும் சென்றது. நூற்றுக்கு ஒன்று என்னும் விதி அந்நகரில் அழிந்துபோகவில்லை. ஆனால் நெருங்கிய தொடர்பு என்னும் சொற்றொடர் அதற்கு நிலையான எல்லைக்கல்லாயிற்று.

இவ்வெல்லைக்கல் ஒரு நடைமுறைச் சிக்கலையும் உண்டாக்குகின்றது. இலாகாவின் வேலைகளுட் பல நிலத்துக்குக் கீழே நடப்பன. ஒரு தெருவிற் பழைய குழாயை எடுத்துப் புதிய குழாயைப் புதைக்கின், அங்கே சிலை வைப்பது எங்கே? வைத்தால் யார் காண்பர்? அதனால் இத்தகைய சிறு தொகைகளையெல்லாம் ஒரு பொது நிதியிற் சேர்த்து, மக்கள் காணத்தக்க வேறிடத்திற் செலவிடும் வழக்கம் ஏற்பட்டது. கலைக்கு இது நன்று. ஆயினும் பணம் தான் பிறந்த இடத்தை விட்டு அகன்று செல்லுந்தோறும் தொடர்பு தேய்கின்றது. நீருக்கென்று வாங்கிய பணம் நீரை நினைப்பூட்டாத ஓரிடத்தில் ஓவியமாய்த் தொங்குமாயின், கட்டணம் செலுத்தியவர் குறை கூறுதல் நியாயமே.

6. தொடர்பு எத்தகையது?

நெருங்கிய தொடர்பு என்பது யாது? அதனை இலக்கணத்தாற் கூறுவதினும் எடுத்துக்காட்டினாற் காட்டுதல் எளிது. சியாட்டிலின் வடபகுதியில் வியூலண்ட்ஸ் ஹாப்மன் என்னும் மின்சார உபநிலையம் 1979-ஆம் ஆண்டில் முடிவுற்றது. உபநிலையம் என்பது உயர்ந்த அழுத்தத்தில் வரும் மின்சாரத்தைக் குறைத்து வீடுகளுக்கு அனுப்பும் இடம். இரும்புத் தூண்களும் சுருள்களும் நிறைந்த அதனைத் தம் வீட்டருகே விரும்புவார் எவர்? அங்கே பணம் ஒதுக்கியவர்கள், கட்டி முடிந்தபின் ஒரு மூலையிற் சிலை வைத்துவிட்டுப் போகவில்லை. கீட்டிங், மார்க்கோவிட்ஸ், சிம்சன் என்னும் மூன்று கலைஞர்களைத் தொடக்கத்திலேயே கட்டடக்கலைஞரோடு சேர்த்து, நிலையத்தின் அமைப்பையே ஒருங்கு வகுக்கச் செய்தனர். கட்டுவோரும் கலைஞரும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யும் முறைக்கு அந்நாட்டில் இந்நிலையத்தை ஒரு முன்னோடியாகக் கூறுவர்.

அவ்வேலிக்குள்ளே நின்றவை காற்றாடிகள். கிராண்ட் கூலி என்னும் பேரணையை அடுத்த ஊரில் வாழ்ந்த எமில் கெர்க்கே, வீவா கெர்க்கே என்னும் முதிய தம்பதிகள், பிறர் எறிந்த பாத்திரங்களையும் தொப்பிகளையும் வாளிகளையும் கொண்டு அவற்றைச் செய்தனர். அப்பேரணை மின்சாரம் பிறக்கும் இடம். காற்றோ சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றல். காற்றாடி சுழல்வதைக் காணும் சிறுவன், மின்சாரமும் இவ்வாறே ஏதோ ஒன்று சுழலுதலாற் பிறக்கின்றது என்பதைப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லுமுன்னரே உணர்ந்துகொள்வான். தொடர்பு என்பது இதுவே.

அந்நகரில் 2018-ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிய டென்னி உபநிலையத்தையும் கூறலாம். அதன் மதிலை ஒட்டி மக்கள் உலவும் மேடைவழி ஒன்று உண்டு. அருகே நிற்கும் ஒரு கோபுரம் பாதி மின்கம்பக் கோபுரமாகவும் பாதி மரமாகவும் காட்சி தருகின்றது. காடாயிருந்த நிலம் நகரானதையும், மரங்கள் நின்ற இடத்தில் மின்கம்பங்கள் நிற்பதையும் அது சொல்லாமற் சொல்லுகின்றது.

அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரம் கற்பித்த பாடம் இன்னும் பெரிது. அந்நகரம் 1986-ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஒன்று என்னும் விதியை ஏற்றது. பெருவழி ஒன்றின் ஓரத்தில் 1992-ஆம் ஆண்டில் வைக்கப்பட்ட பெருஞ்சாடி உருவங்களைக் கண்டு மக்களுட் பலர் நகைத்தனர், பலர் சினந்தனர். எங்கள் பணத்தை இவ்வாறா செலவிடுவது என்னும் கூக்குரல் எழுந்தது. ஆனால் அடுத்த ஆண்டில் அதே நகரில் முடிவுற்ற குப்பை நிலையமோ வேறு வகையாக வரவேற்கப்பட்டது. இருபத்தேழாம் அவென்யூவிலுள்ள அந்நிலையத்தை வகுக்கும் பொறுப்பு லின்னியா கிளாட், மைக்கேல் சிங்கர் என்னும் இரு கலைஞர்களிடம் விடப்பட்டது. அவர்கள் குப்பையை மறைக்க முயலவில்லை. மக்கள் வந்து, தாம் எறிந்தவை என்னவாகின்றன என்பதைக் கண்ணாரக் காணும்படி நடைவழியும், அமர்ந்து கேட்கும் படிவரிசையும் அமைத்தனர். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 1993-ஆம் ஆண்டின் சிறந்த கட்டட அமைப்புக்களுள் அதனை ஒன்றாகக் குறித்தது.

சாடிகளுக்கும் குப்பை நிலையத்துக்கும் வேற்றுமை யாது? முன்னவை வேலை முடிந்தபின் மேலே வைக்கப்பட்டவை. பின்னது வேலையின் உள்ளேயே பிறந்தது. முன்னதிற் கலைக்கென்று தனிச்செலவு கண்ணுக்குத் தெரிந்தது. பின்னதில், எவ்வாறாயினும் எழுப்ப வேண்டிய சுவரே சித்திரமாயிற்று. எவ்வாறாயினும் இட வேண்டிய கூரையே அழகாயிற்று. தொடக்கத்திலேயே கலைஞரை அழைத்தல் பணத்தைச் சேமிக்கும் வழியுமாகும் என்பது இதனாற் பெறப்படும்.

7. பேணுதல்

சிலையை வைத்தல் ஒருநாட் செயல். அதனைப் பேணுதல் பன்னாட் செயல். நூற்றுக்கு ஒன்று என்னும் விதியின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. கட்டுதற்குக் கடன் வாங்கிய பணத்தைக் கட்டுதற்கே செலவிடலாம். ஆண்டுதோறும் துடைக்கவும் பழுது பார்க்கவும் அது பெரும்பாலும் உதவாது. அச்செலவு நடைமுறை வரவிலிருந்து வர வேண்டும். பணமுடை நேருங்கால் முதலில் வெட்டப்படுவது அதுவே. வில்லியம் ரஷ் செதுக்கிய மங்கையின் மரம் நீரிலே நனைந்து நைந்தமையால், 1872-ஆம் ஆண்டில் அதனை வெண்கலத்தில் வார்த்துவைக்க வேண்டியதாயிற்று.

மெக்சிகோ நகரத்து நிகழ்ச்சி இதற்கு மிகச் சிறந்த சான்று. லெர்மா ஆற்றுப்பகுதியினின்று மலையைக் குடைந்து அந்நகருக்கு நீர் கொணரும் பெருவேலை 1951-ஆம் ஆண்டில் நிறைவேறியது. நீர் வந்து சேரும் தொட்டிமேல் சாபுல்தெபெக் சோலையில் ஒரு மண்டபம் கட்டப்பட்டது. புகழ்பெற்ற ஓவியர் தியேகோ ரிவேரா அத்தொட்டியின் தரையிலும் சுவர்களிலும், நீரே உயிரின் தோற்றம் என்னும் பொருள்படச் சித்திரம் தீட்டினார். நுண்ணுயிர் முதல் மனிதன்வரை உயிர்கள் நீரினின்று எழுதலும், சுரங்கம் தோண்டிய தொழிலாளரும், நீர் பெற்று மகிழும் மக்களும் அதில் உள்ளனர். நீர் புகும் வாயின்மேல் இரு பெருங்கைகள் நீரை அள்ளி வழங்குவன போல எழுதப்பட்டுள்ளன. வெளியே மழைத்தெய்வமாகிய திலாலோக்கின் பேருருவம் கல்லிழைத்த நீரூற்றாகக் கிடக்கின்றது.

தொடர்பு என்னும் அளவையால் நோக்கின் இதனினும் நெருங்கிய தொடர்பு வேண்டுவதில்லை. சித்திரம் நீரைப் பற்றியது மட்டுமன்று, நீருக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்நெருக்கமே அதற்குக் கேடாயிற்று. நீரைத் தாங்கும் எனக் கருதிப் புதிய வகை வண்ணங்களை ரிவேரா கையாண்டபோதிலும், ஓடும் நீர் அவற்றை மெல்ல மெல்ல அரித்தது. 1990-களின் தொடக்கத்தில் நீரை வேறு வழியே திருப்பிச் சித்திரத்தைச் செப்பனிட நேர்ந்தது. 2010-ஆம் ஆண்டில் மண்டபம் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது அங்கே நீர் இல்லை. நீர் பாயும் நினைவைக் காற்றும் நீரும் எழுப்பும் ஓர் இசைக்கருவியினால் ஊட்டுகின்றனர். சித்திரத்தைக் காக்க நீரையே விலக்க வேண்டியதாயிற்று என்பது எண்ணி எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. தொடக்கத்திலேயே பேணுதற்குரிய வழியை வகுத்துப் பணமும் ஒதுக்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

8. மறைப்பும் விளக்கமும்

இன்னும் ஓர் ஆட்சேபம் உண்டு. தீமை செய்யும் நிலையத்தின்மேல் அழகிய வண்ணத்தைப் பூசி மக்களை ஏமாற்றுதற்கும் கலை உதவக்கூடும் அன்றோ என்பர். இவ்வாட்சேபம் வலியுடையது. புகை கக்கும் கூடத்தின் சுவரில் மலர்களை எழுதுவதனாற் புகை மணம் வீசாது.

ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில் ஸ்பிட்டலாவ் என்னுமிடத்துக் குப்பை எரிக்கும் நிலையம் 1987-ஆம் ஆண்டில் தீப்பட்டது. அதனைப் புதுப்பிக்குங்கால், வெளித்தோற்றத்தை வகுத்துத் தருமாறு ஹுண்டர்ட்வாசர் என்னும் ஓவியரை நகரத்தலைவர் வேண்டினார். இயற்கையைக் காத்தலிற் பேரார்வமுடைய அவ்வோவியர் முதலில் உடன்படவில்லை. நச்சுப்புகையை வடிகட்டும் கருவிகள் செம்மையாய் அமையும் என்பதும், எரிப்பதனாற் பிறக்கும் வெப்பம் நகரின் வீடுகளுக்குப் பயன்படும் என்பதும் தெளிந்த பின்பே இசைந்தார். 1992-ஆம் ஆண்டளவில் அந்நிலையம் பொன்னிறக் கோளம் சூடிய புகைக்கூண்டோடு புதிய கோலம் பூண்டது. கலைஞர் பின்பற்ற வேண்டிய வரிசைமுறை இதுவே: முதலில் வடிகட்டி, பின்னர் வண்ணம். சுவர் செவ்வையாய் நின்ற பின்பே சித்திரம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் துணிந்தவை ஐந்து. முதலாவது, நிலையம் தன் தொழிலைச் செவ்வனே செய்தல் வேண்டும்; தூய நீர் வராத ஊரில் நீர்நிலையத்துக்குச் சிலை வைத்தல் நகைப்புக்கிடமாகும். இரண்டாவது, கட்டணப் பணத்தாற் செய்யும் கலை அக்கட்டணம் வாங்கிய தொழிலோடு கண்டார் உணரும் தொடர்புடையதாயிருத்தல் வேண்டும். அத்தொடர்பு இல்லாத கலையும் ஊருக்கு வேண்டுவதே. ஆனால் அதற்குரிய பணம் வெளிப்படையாய் விதித்த வரியினின்றோ மனமுவந்து தருவார் கொடையினின்றோ வருதலே முறை. மூன்றாவது, கலைஞரைத் தொடக்கத்திலேயே அழைத்தல் வேண்டும். நான்காவது, பேணுதற்குரிய பணத்தை வைக்கும் நாளிலேயே ஒதுக்குதல் வேண்டும். ஐந்தாவது, கலை நிலையத்தின் குற்றத்தை மறைக்கும் திரையாகாமல், அதன் தொழிலை விளக்கும் சாளரமாதல் வேண்டும்.

இனி, தொடக்கத்திற் கூறிய கைம்பெண்ணின் வினாவுக்கு விடை கூறுதல் நம் கடன். அவள் செலவை வேண்டாம் என்று தள்ளிவிடுவாள் என நாம் கருதவில்லை. அழகு செல்வர் வீட்டுக் கூடத்துக்கு மட்டும் உரியதன்று. கலைக்காட்சிச் சாலைக்குச் செல்ல அவளுக்கு நேரமும் வாய்ப்பும் இல்லாதிருக்கலாம். ஆனால் வேலைக்குப் போகும் வழியில் நீர்நிலையத்து மதிலை அவள் நாள்தோறும் கடந்து செல்கின்றாள். அம்மதில் அவளுக்கு ஏதேனும் ஒன்றைச் சொல்லுமாயின், அவள் தந்த காசு அவளுக்கே திரும்பி வந்தது எனலாம். அதற்குள்ளே பகலும் இரவும் உழைப்போரின் தொழிலுக்கும் அது மதிப்பைத் தருகின்றது. மதில் ஒன்றும் சொல்லாமல், வேறு எவருடைய புகழையோ மட்டும் சொல்லுமாயின், அவளிடத்திற் பெற்ற காசைத் திருப்பிக் கொடுத்தலே நேர்மை.

இக்கலாசாலையிற் பயின்று செல்வோருட் சிலர் பொறியியலாராவர். சிலர் கணக்கு அதிகாரிகளாவர். சிலர் நகரசபைகளில் அமர்வர். ஒரு நீர்த்தொட்டியின் மதிப்பீடு அவர்கள் முன் கையொப்பத்துக்கு வருங்கால், அதில் ஒவ்வொரு வரியும் யாருடைய காசு என்று கேட்பதும், அக்காசுக்கு ஈடாக மக்கள் கண்ணும் கருத்தும் என்ன பெறும் என்று கேட்பதும் அவர்கள் கடமை. முதல் வினாவை மறந்தவன் ஊர்ப்பொருளை வீணாக்குவான். இரண்டாம் வினாவை மறந்தவன் ஊரையே வெறுஞ்சுவராக்குவான். இரண்டையும் மறவாதவனே நல்ல நகரத்தான்.